ஜெபராணிக்கு இரண்டு நாற்காலி

2023 ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் அந்தக் கலை அறிவியல் கல்லூரியில், மாணவர்களுக்கு வேலை வழிகாட்டும்படி அழைக்கப்பட்ட பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் ஆக நினைத்து ஆகாமல் போன பன்னிரண்டு பேர் சரியாகப் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆக மொத்தம் பதினைந்து பேர். போட்டிருந்த நாற்காலி பன்னிரண்டு. மூன்று நாற்காலி குறைந்ததுதான் அன்றைக்கு எழுந்த ஒரே பிரச்சினை, அதையும் கெமிஸ்ட்ரி லேபிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்து சமாளித்துவிட்டார்கள்.

தப்பு கந்தப்பனுடையது. அவர் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர், 1999இல் இயற்பியல் முடித்தவர், சிங்காநல்லூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது, வழிகாட்டிகள் பட்டியல் இரண்டே நாளில் வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். போன் போட்டால் ஒருத்தர் மீட்டிங்கில் இருந்தார், இன்னொருத்தர் கல்யாண மண்டபத்தில் இருந்தார், மூன்றாமவர் எடுக்கவே இல்லை. யார் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுத நேரமில்லை. பீரோவில் 1999ஆம் வருடத்து ஆண்டு மலர் கிடந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் ஸ்டாம்பு அளவுப் படம், கீழே பெயர், அதற்கும் கீழே லட்சியம் என்று ஒரு வரி. கந்தப்பன் அந்த வரியை எடுத்து வழிகாட்டும் துறை என்ற இடத்தில் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார். “அவிங்க கையால எழுதிக் குடுத்ததுதானுங்களே, இதுல பொய் என்னங்க இருக்குது?” என்று பிற்பாடு கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்த மலரில் கந்தப்பனின் லட்சியம் கலெக்டர். பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி, நிரப்பாமல் பீரோவில் வைத்தவர் அவர். வந்திருந்த கலெக்டர் கந்தப்பன் உள்ளே நுழைந்ததும் கடைக்காரக் கந்தப்பன் தன்னையறியாமல் எழுந்து கும்பிட்டார். தனக்குத்தானே எழுந்து நின்ற ஆள் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். விண்வெளி விஞ்ஞானி ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்த முகமது ரியாஸ் இப்போது குனியமுத்தூரில் பேக்கரி நடத்துகிறார். மேல்படிப்புக்கு எழுதிய கடிதத்தை அவர் தபாலில் சேர்க்கவே இல்லை. விஞ்ஞானி ரியாஸ் வந்து, பேக்கரி ரியாஸ் அனுப்பியிருந்த தேங்காய் பன்னைத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். பன்னிரண்டு பேரில் எழுதியது போலவே ஆனவர் ஒருவருமில்லை, முயன்று பார்த்துத் தோற்றவரும் ஒருவருமில்லை.

மாணவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்களாக இருந்தார்கள், செல்போனை நோண்டவில்லை, மாதந்தோறும் நேரத்துக்கு வந்தார்கள். மதிப்பீட்டுக் குழு பழைய மாணவர் பங்களிப்புக்கு முழு மதிப்பெண் போட்டது. கஷ்டமெல்லாம் அசல் ஆட்களுக்குத்தான். இரண்டாம் சனிக்கிழமைகளில் அவர்கள் அந்தச் சாலைப் பக்கம் வருவதைத் தவிர்த்தார்கள். தவிர்க்க முடியாத சிலர் கல்லூரி கேட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதல் மாடி ஜன்னலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அப்படிப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர்களின் மனைவிமார் சொன்னார்கள்.

ஜெபராணி பார்க்கக்கூட வராதவள். போத்தனூர்க்காரி, ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த பாக்கியராஜின் ஒரே மகள். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். மலரில் அவள் எழுதியிருந்தது விமானப்படை அதிகாரி. பட்டியலில் அவளுடைய செல் நம்பரைக் கந்தப்பன் சரியாகவே போட்டிருந்ததால், அவள் முகமே பார்த்திராத ஒரு பெண்ணிடமிருந்து செய்திகள் வர ஆரம்பித்தன. பெயர் அக்ஷிதா, கருமத்தம்பட்டி, மூன்றாம் ஆண்டு இயற்பியல். நீங்க சொன்ன மாதிரி தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகறனுங்க மேடம், என்றது முதல் செய்தி. ஜெபராணி அப்படி யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் இருபத்தோரு வயதில் அவள் அப்படிச் செய்ததுண்டு. மேடம், மைசூர்ல ஏர்ஃபோர்ஸ் அஞ்சு நாள் தேர்வுக்குக் கூப்பிட்டு லெட்டர் வந்துருச்சுங்க, என்று ஜனவரியில் இன்னொன்று. பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்றாவது வந்தது. மேடம், அப்பா விடமாட்டாருங்க. இதைப் படித்ததும் ஜெபராணி போனை மேசைமேல் குப்புற வைத்தாள். அந்த வாக்கியம் அவளுடையது. இருபத்தைந்து வருடமாக, கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிவந்தது அதைத்தான்.

நடந்தது வேறு. 1999 செப்டம்பரில் அவளுக்கும் மைசூருக்கு அழைப்பு வந்தது. பாக்கியராஜ் தானே போய் டிக்கெட் எடுத்தார். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் எலுமிச்சம் சாதம் கட்டி, பெட்டியைத் தூக்கிவந்து போத்தனூர் ஜங்ஷனில் மூன்றாம் பிளாட்பாரத்துப் பெஞ்சில் அவளை உட்காரவைத்தார். தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டார். மதிய வண்டி வந்தது, நின்றது, போனது. ஜெபராணி பெஞ்சிலிருந்து எழவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் அங்கே இருக்கவும் இல்லை. சாதத்தைத் தின்று, குழாயில் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாக்கியராஜ் ஏன் என்று கேட்கவே இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் அன்று சர்ச் வாசலில் உறவுக்காரர் ஒருவர், “ஏனுங்க பாக்கியராஜ், புள்ளையப் போகவுடாமப் பண்ணிப் போட்டீங்களாமே?” என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார். ஜெபராணி பக்கத்தில்தான் நின்றாள். பாக்கியராஜ் மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஆமாங்க, பயந்துட்டனுங்க” என்றார். 2014இல் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். இதைவிடப் பெரிய பிரியத்தை இந்தச் சரித்திரத்தில் எழுத வாய்ப்பில்லை.

அந்தப் பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை ஜெபராணி கல்லூரிக்குப் போனாள். ஜன்னல் ஓரம் ஏழாம் நாற்காலியில், விமானப்படைக்குப் போன மற்ற ஜெபராணி உட்கார்ந்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டி, கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருந்தாள். கன்னத்து மச்சம் அதே இடத்தில் இருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. மாணவர்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். வந்தவள் நின்றாள், இருந்தவள் ஸ்டூலைக் காட்டினாள்.

“எலுமிச்சஞ் சாதத்த எங்க வெச்சுத் தின்ன?” என்று கேட்டாள் மற்றவள்.

“பெஞ்சுலயேதான். நீ?”

“ஜோலார்பேட்டை தாண்டி. ஒரு கை உப்பு சாஸ்தி.”

“ஆமா, சாஸ்திதான்” என்றாள் ஜெபராணி. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். மற்றவள் அழாமல் காத்திருந்தாள், ரயிலேறியவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. பிறகு மற்றவள் விஷயத்தைச் சொன்னாள். அக்ஷிதாவின் தேர்வு அடுத்த வாரம். அப்பா விடமாட்டார் என்று அந்தப் பெண் சொன்னதால், அவரிடமே பேசலாமென்று கருமத்தம்பட்டிக்குப் போயிருக்கிறாள். அவர் பெயர் தனபால், விசைத்தறி ஓட்டுகிறவர். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, இந்தப் பக்கத்தில் யாரும் முதலில் கேட்பதைக் கேட்டிருக்கிறார். எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் புள்ளைங்க? அவளுக்குப் போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து புறப்பட்டது நினைவிருந்தது, திரும்பிப்போய் நிற்க ஒரு வாசல்படி இல்லை. இன்னார் மகள் என்று சொல்ல வாயெடுத்தால் குரல் வரவில்லை. ஊரும் வீடும் சொல்லாத பெண்ணிடம் தன் மகள் விஷயத்தை எப்படிப் பேசுவது? தனபால் மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவைத்துவிட்டார். “நீ போ ஜெபா. உனக்குத்தா ஊடு இருக்குது” என்றாள் மற்றவள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஜெபராணி பஸ் ஏறினாள். தனபாலின் வீட்டை ஒட்டியே தறிக்கூடம், பதினாறு தறி. அந்தச் சத்தத்தில் இருபது வருடம் பேசிப் பழகியதால் அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். முந்தி வந்த அம்மணி மாதிரியே இருக்கிறாரே என்று பார்த்தார், அக்காள் தங்கையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

“எந்த ஊருங்க? யாரு ஊட்டுப் புள்ளைங்க?”

“போத்தனூருங்க. பாயிண்ட்ஸ்மேன் பாக்கியராஜ் மகளுங்க.”

அவருக்குப் பாக்கியராஜைத் தெரியாது. ஆனாலும் முகம் தெளிந்துவிட்டது. தகப்பன் உள்ள ஆளோடு பேசலாம். இவளும் ஒருகாலத்தில் அதே தேர்வுக்கு அழைக்கப்பட்டவள் என்று கேட்டுக்கொண்டு, வாஸ்தவமான சந்தேகம் ஒன்றைக் கேட்டார். “பொட்டப்புள்ளைய அத்தாத்தொலைவுக்கு உங்க ஊட்ல எப்பிடீங்க உட்டாங்க?”

பழைய வாக்கியம் ஜெபராணியின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. உள் நிலைப்படியில் அக்ஷிதா சாய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் தன் அப்பாவைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை ஜெபராணிக்குத் தெரியும், சர்ச் வாசலில் அவளும் அப்படித்தான் நின்றாள். ரயிலேறிப் போனவளுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

“எங்கப்பா உட்டாருங்க. சாப்பாடு கட்டிக் குடுத்து, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டாந்து உட்டாருங்க. நாந்தானுங்க போகல. பயமா இருந்துச்சு. ஊரெல்லாம் அப்பா உடலைன்னு சொல்லிப்போட்டேன். அவரு சாகற வரைக்கும் இல்லைன்னு சொல்லலீங்க.”

தனபால் ஏதோ சைகை காட்ட, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த வீட்டில் பகலில் அத்தனை அமைதியை யாரும் கேட்டதில்லை. அவர் குரல் முதல்முறையாகத் தணிந்தது. “நானும் வேண்டாம்னு சொல்லலீங்களே. எங்கிட்ட இதுவரைக்கும் ஆருங்க கேட்டாங்க?” என்றவர், நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தார். “ஏங்கண்ணு, நீ கேட்டியா?”

“இல்லீங்ப்பா” என்றாள் அக்ஷிதா. “கேட்டா செரின்னு சொல்லிப்போடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்ப்பா.”

புதன்கிழமை மதியம் போத்தனூர் மூன்றாம் பிளாட்பாரத்தில் அக்ஷிதாவை அதே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தனபால் வண்டி வரும்வரை நகரவில்லை, டியூட்டி போன்ற தொல்லை அவருக்கு இல்லை. ஜெபராணி பழைய எவர்சில்வர் பாக்ஸில் எலுமிச்சம் சாதம் கொண்டுவந்திருந்தாள், உப்பைக் குறைத்திருந்தாள். வண்டி நின்றபோது பெண்ணின் கால் ஒரு நிமிஷம் நகரவில்லை. பெட்டியின் வாசலில் மற்ற ஜெபராணி நின்று கை நீட்டினாள், பிளாட்பாரத்து ஜெபராணி பின்னாலிருந்து முதுகைத் தொட்டாள். அக்ஷிதா ஏறிவிட்டாள். வண்டி கிளம்பு முன் மற்றவள் இறங்கிக்கொண்டாள். அவளுக்கு மைசூரில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. பிறகு இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். ரயிலேறியவள் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். ஏறாதவள் மன்னிப்புக் கேட்டாள். ஒரே குரல் என்பதால் தோட்டக்காரருக்கு ஒருத்தி பேசியதாகத்தான் கேட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அதே சர்ச் வாசலில், அன்றைக்குக் கேட்ட உறவுக்காரரைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி ஜெபராணி உண்மையைச் சொன்னாள். அவருக்கு எண்பது வயது, காது மந்தம். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

அக்ஷிதா முதல் நாளே கழிக்கப்பட்டுத் திரும்பி வந்தாள். ஸ்டேஷனுக்கு வந்திருந்த தனபால் கேட்டது, “மறுக்கா எப்பங்கண்ணு?” என்பது மட்டும். மறுக்காவும் போனாள், ஐந்து நாளும் இருந்தாள், கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து பல் விளக்கினாள். இப்போது சூலூரில் விமான உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள்.

கல்லூரியில் ஜெபராணிக்கு இரண்டு நாற்காலி போடுவது அந்த மார்ச்சிலிருந்து வழக்கமாயிற்று. போவது எப்படி என்று கேட்பவர்களை ஒருத்தியிடமும், போகாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களை இன்னொருத்தியிடமும் அனுப்புகிறார்கள். இரண்டாவது வரிசை நீளம். கார்களில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மாடியேறி வந்து, தாங்கள் ஆகாமல் போனவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பேக்கரி ரியாஸ் பன்னை அவரே எடுத்துவருகிறார். கந்தப்பன் டீ இருபத்து நாலு என்று சொல்கிறார்.

போன மாதம் அக்ஷிதாவையும் பழைய மாணவியாக அழைத்திருந்தார்கள். அவளுடைய ஆண்டு மலரில் லட்சியம் விமானப்படை அதிகாரி என்றுதான் இருந்தது, ஆகவே கந்தப்பன் வழக்கப்படி அவளுக்கும் இரண்டு நாற்காலி போட்டு, டீயும் இரண்டு சொல்லியிருந்தார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பக்கத்து நாற்காலிக்கு யாரும் வரவில்லை. இரண்டு ஜெபராணிகளும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ ஆறிப்போகிறதே என்று கந்தப்பன் அதை எடுத்துக் குடித்துவிட்டார். அக்ஷிதா தன் பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்துவிட்டு, அடுத்த மாணவியைக் கூப்பிட்டாள்.