மூன்றாவது பத்தி

உலக வரலாற்றைத் திருத்தி எழுதும் நிகழ்ச்சி ஒன்று சென்ற சனிக்கிழமை, எங்கள் பழைய தங்கவயல் ஊரான மின்டோ கல்லியின் கால்பந்து மைதானத்தில், சாசேஜ் கடைக்குப் பக்கத்தில் நடைபெற்றது என்பதை மனிதகுலத்துக்கு அறிவித்துக்கொள்கிறேன்.

ஊரின் முதல் தங்கக்கட்டியைக் கண்டெடுத்த ட்ரெகியருக்குச் சிலை திறப்பு. திறப்பவர் அவருடைய எள்ளுப்பேரன், நகரசபைத் தலைவர் டெஸ்மண்ட். வாழ்த்துப் பாடல் பிரான்வென். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

பாட்டுக்காக அவள் இரண்டு வருஷம் பழைய நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டினாள். தங்கம் தேடி வந்த கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள்; அபராதம் கட்டியவள் பெயர் மட்டுமே பதிவேட்டில் ஏறியது. அப்படி அகப்பட்டவள் ஹனோரா ஸ்கல்லி. கூடாரத்தில் திருட்டுச் சாராயம் விற்றவள். போலீஸ் வருகிறதென்று பீப்பாயைப் புதைக்கப் பள்ளம் தோண்டியபோது தங்கம் தட்டுப்பட்டது. தங்கம் தோண்ட உரிமமில்லாதவளுக்குத் தங்கம் ஏது என்று மாஜிஸ்திரேட் அதைப் பக்கத்துக் கூடாரத்து ட்ரெகியரிடம் கொடுத்துவிட்டார்.

இதுதான் பாட்டின் மூன்றாவது பத்தி. நகரசபை அனுமதித்தது முதல் இரண்டு.

"மூணாவதை ஆரம்பிச்சா மைக்கை அணைச்சிடு, க்ளைவ்," என்றார் டெஸ்மண்ட் என்னிடம். "அடுத்த வருஷமும் இங்கதான மைக் கட்டணும் நீ?"

"அணைங்க. கத்திப் பாடறேன்," என்றாள் பிரான்வென். "முப்பது பிள்ளைங்கள பஸ்ஸுல அடக்கற தொண்டை இது."

"தொண்டை இருக்கும். பஸ் இருக்கணுமே. அதுவும் நகரசபையோடதுதான்."

அவள் மேடையேறினாள்.

இரண்டு பத்தி முடிந்தது. என் கட்டைவிரல் பொத்தான்மேல். டெஸ்மண்டின் வெங்காய மூச்சு என் பிடரியில். அவள் என்னையே பார்த்தாள். கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

'ஹனோரா ஸ்கல்லி தோண்டினாள், ஹனோரா ஸ்கல்லி எடுத்தாள்,
ஓடை திரும்பும் இடத்திலே, ஒற்றைக் கூடாரத்தடியிலே...'

பொத்தானுக்கு நீண்ட டெஸ்மண்டின் கை பாதியில் நின்றது. நானூறு பேர் மூச்சுவிடவில்லை. பாட்டு முடிந்ததும் அந்த அமைதியைப் பார்த்து பிரான்வெனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதல் வரிசையில் ஒருவர் எழுந்தார். "பிரான், ஓடை திரும்பற எடம்னா, பழைய பாலத்துக்கு மேலயா, கீழயா?"

"கீழ," என்றாள், யோசிக்காமல்.

நாற்காலிகள் சரிந்தன. இந்த ஊரில் எல்லார் கார் டிக்கியிலும் உலோகம் தேடும் கருவி ஒன்று கிடக்கும். முதலில் ஓடியவர் டெஸ்மண்ட். சிலை துணிக்குள்ளேயே நின்றது.

பொழுது சாய்வதற்குள் ஓடைக்கரையில் நாற்பத்தொரு பள்ளங்கள். ஒரு லாடம் கிடைத்தது.