எழுந்துவிட்டேன் என்று சொல்லும்வரை

சாம்பலாற்றுச் சண்டையில் செத்துப்போன இஸ்ருன், பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், தன்னைக் கொன்ற ஊர்ஷாவின் வீட்டுக்கு நடந்து வந்து, கதவைத் தட்டி, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான். அக்கரைக் குலத்துக்காரன். நல்ல உயரம். வலது கோரைப்பல்லில் அடுக்காகச் செப்பு வளையங்கள், தாடியில் ஆற்று மணல், முதுகு முழுக்க ஆற்றுச் சேறு. எங்கள் ஊரான ஹோரன் மேட்டில் அன்று உப்பு வண்டி வந்திருந்ததால் பாதி ஊர் தெருவில்தான் நின்றது. அவன் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். உப்பு வாங்கி முடித்துவிட்டுத்தான் விசாரிக்க வந்தார்கள்.

செத்தவர்கள் வருவது எங்கள் ஊரில் அபூர்வம்தான். ஆனால் கோர்வாக்குகளாகிய நாங்கள் அதிசயத்தைவிட மரியாதையைப் பெரிதாக நினைப்பவர்கள். செத்த எதிரி தன்னை வென்றவளின் அடுப்பைத் தேடி விருந்தாளியாக வந்திருக்கிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட சண்டையாக இருந்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். நேருக்கு நேர் நின்று வீழ்த்தியதற்கு ஏற்கனவே ஒரு வளையம் வாங்கியிருந்த ஊர்ஷாவின் கோரைப்பல்லில், சபைத் தலைவர் கட்ரோஷ் தன் கையாலேயே இன்னொன்றை மாட்டிவிட்டார். நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாத பக்கத்து வீட்டு டெஸ்காகூட ஒரு சட்டி எலும்புச்சாறு கொண்டுவந்து செத்தவன் முன்னால் வைத்தாள். "என் புருஷனும் எத்தனையோ பேரைச் சாய்ச்சான். ஒரு நாய்கூட எங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. குடுத்து வச்சவடி நீ" என்றாள். ஊர்ஷா சிரிக்க முயன்றாள். வளையம் பல்லில் கனத்தது.

உண்மை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆற்றுச் சேற்றில் இஸ்ருனின் கோடரி அவளுடைய கேடயத்தைப் பிளந்தபோது அவள் மல்லாந்து விழுந்தாள். கோர்வாக்குகள் விழுந்தவரை வெட்டுவதில்லை. விழுந்து கிடப்பவரைப் பார்ப்பதுகூட இல்லை. ஆயுதத்தைத் தாழ்த்தி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, விழுந்தவர் எழுந்து "எழுந்துட்டேன்" என்று குரல் கொடுக்கும்வரை காத்திருப்பார்கள். நடை பழகும் குழந்தைக்கும் தெரிந்த முறை இது. இஸ்ருனும் அப்படித்தான் திரும்பி நின்றான். தோளைக்கூட இறுக்கவில்லை, மேயப்போன ஆடுகள் திரும்புவதற்காக நிற்பவனைப்போல ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர்ஷாவுக்குப் பயம். எழுந்தால் அடுத்த வெட்டு கழுத்தில்தான் என்று தெரிந்த பயம். கோரைப்பல் முளைக்காத மகள் வீட்டில் இருக்கிறாளே என்ற பயம். அவள் எழவில்லை. முழங்காலிலேயே ஊர்ந்துபோய், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் கத்தியை இறக்கினாள். மூடுபனியில் யாரும் பார்க்கவில்லை. அவனுடைய கோடரியைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே மாட்டியபோது, அவள் கணவன் ட்ரோம் தெருவில் போனவர் வந்தவருக்கெல்லாம் பார்லிக் கள் ஊற்றினான்.

முதுகில் குத்தியவருக்கு எங்கள் ஊரில் ரம்பம். சபைத் தூணில் எல்லோர் கண்ணிலும் படும்படி அது தொங்குகிறது. குத்தியவரின் கோரைப்பற்களை மட்டுமல்ல, அதே கூரையின் கீழ் தூங்குகிற அத்தனை பேருடையதையும் ஈறோடு அறுத்து, உப்புப் பாலைக்கு விரட்டிவிடுவார்கள். கூரையைப் பிரித்து விறகாக்கிவிடுவார்கள். குழந்தைக்கும் விலக்கு கிடையாது; இனி முளைக்கப்போகும் பல்லுக்காக ஈறில் சூடு போடுவார்கள். சபைக்கு இரக்கம் குறைவு, ஒழுங்கு அதிகம். நடந்துகொண்டிருக்கும் சண்டையைப் பற்றி மட்டும் அது வாயே திறக்காது. ஒரு கிடாவுக்காக அண்ணனும் தம்பியும் தொடங்கிய சண்டை அறுவடைவரை இழுத்தபோது, கிடா யாருக்கு என்று சொல்ல சபையும் அறுவடைவரை காத்திருந்தது. அதற்குள் கிடா கிழடாகி, பல் கொட்டி, யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

பகலில் இஸ்ருன் தொந்தரவில்லாதவன். சாப்பிட மாட்டான், பேச மாட்டான். முன்னால் வைத்த சாறு ஆடை படிந்து உறைந்துபோகும். "நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளியிலேயே செலவு வைக்காதவன் இவன் ஒருத்தன்தான். உங்க அண்ணன் இவன்கிட்ட வந்து கத்துக்கணும்" என்று ட்ரோம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் ஊர்ஷா படுத்ததுதான் தாமதம், செத்தவன் எழுந்துவிடுவான். எழுந்து, திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பான். அடுப்புக் கங்கின் வெளிச்சத்தில், தோல் அங்கியின் நடுவே, அவள் கத்தி நுழைந்த கிழிசல் தெரியும். ட்ரோம் படுத்தாலும் மகள் நிர்ரா படுத்தாலும் அவன் அசைவதில்லை. அவளுக்கு மட்டும்தான் இது. அவர்கள் இருவரும் அடித்துப் போட்டதுபோலத் தூங்க, அவள் கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு அந்தக் கிழிசலைப் பார்த்துக் கிடப்பாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவனோ அந்தக் காயத்தைக் காட்டிக்கொண்டே நின்றான்.

அவள் படுப்பதை விட்டாள். கதவு நிலையில் சாய்ந்து நின்றபடியே தூங்கப் பழகினாள். ஊர் அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டது. விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது படுப்பதில்லை என்று விரதம் இருக்கிறாளாம் என்று பேசினார்கள். இளவட்டங்கள் சிலர் தாங்களும் நின்றபடி தூங்கிப் பார்த்து மூக்கை உடைத்துக்கொண்டார்கள். ஆறு மறுபடி உறைந்ததும் ஒருநாள் அவள் இஸ்ருனைச் சறுக்குவண்டியில் ஏற்றி, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, ஆற்றுக்குக் கொண்டுபோய், பனிக்கட்டியை உடைத்து உள்ளே தள்ளினாள். அவன் தடுக்கவில்லை. அவள் வீடு திரும்பியபோது தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். தாடியில் மணல் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவன் முன்னால் நின்று, "தப்புதான். நான் பண்ணது தப்புதான். உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்" என்று அழுதும் பார்த்தாள். அவன் இமைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் நிர்ராவுக்கு ஈறு அரிக்கத் தொடங்கியது. கையில் கிடைத்த தோல்வாரையெல்லாம் கடித்தாள். "பாருடி, எம் பொண்ணுக்கு இப்பவே கோரைப்பல்லு முட்டுது" என்று ட்ரோம் பூரித்துப்போனான். ஊர்ஷா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

ஒரு பனி உருகலிலிருந்து அடுத்ததுவரை ஒரே கூரையின் கீழ் இருந்த விருந்தாளிக்கு ஊர் புது அங்கி போர்த்த வேண்டும். பழையதை எல்லோர் முன்னாலும் கழற்றி எரிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் என்றாலும், செத்தவனுக்குக் கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. தைக்கும் வேலை டெஸ்காவுக்கு விழுந்தது. கயிற்றோடு வந்து நின்று, "கொஞ்சம் திரும்பச் சொல்லுடி, முதுகு அளவு எடுக்கணும்" என்றாள். ஊர்ஷாவின் கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்தது.

"அளவெல்லாம் எதுக்குக்கா? எம் புருஷன் அளவுக்கே தச்சிருங்க."

"உம் புருஷனா? அவன் இவனுக்கு இடுப்பு வரைக்கும்தான்டி வருவான்" என்ற டெஸ்கா, கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனாள்.

அங்கி நாள் விடிந்தது. ஓடிவிடலாம் என்றால் அவன் பின்னாலேயே வருவான். இருந்தால் ரம்பம். ஊர்ஷா ஒன்றும் புரியாமல் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நிர்ரா அகப்பையைக் கத்தியாகப் பிடித்துக்கொண்டு செத்தவன்மேல் பாய்ந்தாள். அவன் முழங்காலில் இரண்டு போடு போட்டாள். அடுத்த வீச்சில் கால் இடறி மல்லாந்து விழுந்தாள். இஸ்ருன் எழுந்தான். திரும்பினான். குழந்தைக்கு முதுகைக் காட்டி நின்றான். ஊர்ஷா பதறி ஓடிவருவதற்குள் நிர்ரா புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து, தெருப்பிள்ளைகளோடு விளையாடும்போது கத்துவதுபோலவே, "எழுந்துட்டேன்!" என்று கத்தினாள். செத்தவன் அவள் பக்கம் திரும்பி, தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

ஊர்ஷா அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு வருடமாக அவன் காயத்தைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தான். ஆற்றங்கரையில் விழுந்தவள் எழுந்ததாக இன்னும் சொல்லவில்லை. அவள் எழும்வரை அவளைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். நடுவில் தான் செத்துப்போனதை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இது தெரிந்ததும் அவளுக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்காகியது. கோபக்காரனிடம் கெஞ்சலாம், இவனிடம் கெஞ்ச ஒன்றுமே இல்லை.

மத்தியானம் ஊர்ஷாவின் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. ஊர்ஷா அவன் முதுகை ஒட்டியே நடந்துவர, இஸ்ருனை வெளியே அழைத்துவந்து, வாசல் தூணில் சாய்த்து உட்காரவைத்தார்கள். கட்ரோஷ் புது அங்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "விருந்தாளியை எழுப்புங்க. பழசைக் கழட்டுங்க" என்றார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

"யாரும் அவனைத் தொடாதீங்க" என்றாள் ஊர்ஷா. சொல்லிவிட்டு, முற்றத்துச் சேற்றில் மல்லாந்து படுத்தாள். அடி விழாமல் தரையில் படுப்பதைப்போல வெட்கக்கேடு எங்களுக்கு வேறில்லை. கூட்டம் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஏய், என்னடி பண்ற? எந்திரி. ஊரே பாக்குது" என்று ட்ரோம் கெஞ்சினான். செத்தவன் எழுந்து அவளுக்கு முதுகைக் காட்டினான். திருப்பிய முகங்கள் அவன் பக்கம் திரும்பின. அவள் பக்கம் நின்ற அத்தனை பேரும் அந்தக் கிழிசலைப் பார்த்தார்கள்.

"இப்படித்தான் நின்னான்" என்றாள் ஊர்ஷா, சேற்றில் கிடந்தபடியே. "நான் இப்படித்தான் கிடந்தேன். எந்திரிக்கல. பயமா இருந்துச்சு. அந்த ஓட்டை என் கத்தி போட்டது."

டெஸ்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ட்ரோம் மகளைத் தூக்கி, அவள் வாயைத் தன் தோளில் அழுத்தி மறைத்தான். அவன் அன்று அழுததைப் பலபேர் பார்த்தார்கள். கட்ரோஷ் புது அங்கியைக் கீழே வைத்துவிட்டு, "ரம்பத்தைக் கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தார்கள். அப்போது ஊர்ஷா எழுந்தாள். ஒரே தடவையில் எழ முடியவில்லை. கால்கள் அப்படி உதறின. இதையெல்லாம் அவள் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் செய்தாள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கால்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"எழுந்துட்டேன்" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. செத்தவனுக்குக் கேட்டது. திரும்பி அவளை நேருக்கு நேர் பார்த்தான். வீட்டுக்குள் போய், அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த தன் கோடரியை எடுத்துக்கொண்டு வந்தான். சண்டை நடந்துகொண்டிருந்தபடியால் சபை வாயை மூடிக்கொண்டது. ரம்பத்தைக் கொண்டுவந்தவன் அதை எங்கே வைப்பது என்று விழித்துவிட்டு, கடைசியில் சபைத் தூணிலேயே திரும்ப மாட்டினான்.

சண்டை பல வருடம் நடந்தது. பொழுது விடிந்ததும் தொடங்கும். பொழுது சாய்ந்தால் முறைப்படி இருவரும் உள்ளே போய்விடுவார்கள். செத்தவனுக்குக் களைப்பில்லை. ஊர்ஷா ஒரு காதையும் இரண்டு விரல்களையும் இழந்தாள். ஒவ்வொரு நாளும் விழுந்தாள். விழுந்தபோதெல்லாம் அவன் கோடரியைத் தாழ்த்தித் திரும்பி நின்றான். அதே முதுகு, அதே கிழிசல், அவள் கையில் அதே கத்தி. ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்தாள். சொன்னாள். அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்த டெஸ்கா, சில வருடம் கழித்து, விழுந்த இடத்தில் கல் குத்தாமலிருக்க யாருக்கும் தெரியாமல் முற்றத்தில் வைக்கோல் பரப்பிவிட்டுப் போனாள். கட்ரோஷ் செத்தார். அடுத்த தலைவரும் சண்டை முடியட்டும் என்றார். நிர்ராவின் கோரைப்பற்கள் ஈறைத் தாண்டி, உதட்டைத் தாண்டி, வெள்ளை வெளேரென்று வளர்ந்தன. ட்ரோம் அவற்றைத் தினமும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டான்.

ஒரு பனி உருகலின்போது, சண்டை முற்றம் தாண்டித் தெருவுக்கு வந்திருந்த அன்று, ஊர்ஷா விழுந்தாள், அதன்பின் எழவில்லை. இஸ்ருன் திரும்பி நின்றான். விழுந்தவர் சொல்ல வேண்டிய வார்த்தையை வேறொருவர் சொல்ல முடியாது என்பதால், சண்டை முடியவில்லை என்றே சபை குறித்துக்கொண்டது, தீர்ப்பும் இல்லை. அவள் விழுந்த இடத்திலேயே ட்ரோம் அவளைப் புதைத்தான். கோடரியைத் தாழ்த்தியபடி, அந்தப் புதைமேட்டுக்கு முதுகைக் காட்டி, செத்தவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். தெருவை அவனைச் சுற்றி வளைத்துப் போட்டுக்கொண்டோம். வருடா வருடம் நிர்ரா அவன் பின்னால் போய் நின்று பழைய அங்கியை உருவிவிட்டுப் புதியதைப் போர்த்துகிறாள். நூறு பேரை எதிர்த்து நிற்கக்கூடியவள், அந்த ஒரு வேலையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறாள். அந்த வார்த்தையை அவன் காதுபட யாரும் சொல்வதில்லை. அந்தத் தெருவில் விளையாடும் குழந்தைகள்கூட, விழுந்தால், சத்தமில்லாமல் எழுந்துகொள்கிறார்கள்.