ஏறமாட்டேன் என்ற காண்டாமிருகம்

வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு, மிருகக்காட்சிசாலை விலங்குகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். முதல் காண்டாமிருகத்தை ஒழுங்காக லாரி ஏற்றிவிட்டால் நிரந்தரம், சொதப்பினால் மறுபடியும் பீரோ. அவன் இடுப்போ பீரோவுக்கு என்றைக்கோ கும்பிடு போட்டுவிட்டது.

இந்தத் தொழிலில் இழுப்பதும் தள்ளுவதும் கிடையாது. காண்டாமிருகத்தை யார் தள்ளுவது? பயணத்துக்கு வெகுநாள் முன்பே பெரிய கூண்டை அதன் கொட்டகையில் திறந்து வைத்து, உள்ளே தீனி போட்டு, தானாகப் போய்வரப் பழக்குவார்கள். அவனும் தினமும் மத்தியானம் கேரட் வாளியோடு போய், கூண்டின் மறுகோடியில் கம்பிக்கு வெளியே உட்கார்ந்தான். அதுவும் சமர்த்தாக உள்ளே வந்தது. தூர நின்று பார்த்த முதலாளியம்மா, "கைராசிக்காரன்பா நீ" என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏற்றும் நாளன்று லாரி வந்தது, கிரேன் வந்தது, மிருக டாக்டர் வந்தார். காண்டாமிருகம் மட்டும் வரவில்லை. கொஞ்சினான், கெஞ்சினான். அது பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தினமும் செய்யறதுல எதையோ விட்டுட்டே. நல்லா யோசி" என்றார் டாக்டர்.

யோசித்தான். தினமும் அந்த நேரத்தில் அவன் மனைவி போன் செய்வாள். கையில் வாளி இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். மாமியார் முதல் தண்ணீர் மோட்டார் வரை ஒன்று விடாமல் அவள் கொட்டித் தீர்ப்பாள். அவன் பாட்டுக்குக் கேரட் போட்டுக்கொண்டிருப்பான். கைராசியாவது மண்ணாவது. அது பழகியது அவள் குரலுக்கு. இன்றைக்கு அவள் போன் செய்யவில்லை. காலையில்தான், "பொழுதன்னிக்கும் தொணதொணன்னு பேசாதே" என்று எரிந்து விழுந்திருந்தான்.

அடித்து அடித்துப் பார்த்ததில் ஒருவழியாகப் போனை எடுத்தாள். பேசவில்லை.

"ஏதாவது பேசேன்."

கூண்டின் கம்பியோரம் போய்ப் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"தப்புதான். என் கொழுப்பு, அப்படிச் சொல்லிட்டேன்." கிரேன்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மானம் கப்பலேறியது. ஏறினால் ஏறட்டும். "நீ பேசலன்னா இங்க ஒண்ணும் நடக்காது. நெசமாத்தான் சொல்றேன்."

"இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்களா?" என்று ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் அவன் ஓட்டைக் குடை வாங்கி வந்ததற்குப் போனாள். காண்டாமிருகத்தின் காதுகள் நிமிர்ந்தன. மெல்லத் திரும்பியது. குடைக் கதை முடிவதற்குள் முழு உடம்பும் கூண்டுக்குள் இருந்தது. கதவு இறங்கியது.

தூர நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளியம்மா வேகமாக வந்தார். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான். அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு நிரந்தர வேலை தர்றேன். திங்கட்கிழமை வந்துடறியா?"

"வர்றேங்க. அவருக்கு?"

"அது உன் இஷ்டம். உனக்குக் கீழ கேரட் போட ஒரு ஆள் வேணும். இவரையே வச்சுக்கலாமா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவள் பேசமாட்டாளா என்று வாழ்க்கையில் அவன் இப்படி ஏங்கியதே இல்லை.