செயின் செயின்தான்

டயரா, செயினா என்று என் புருஷன் தினகரனோடு நான் போட்ட சண்டையில் ஜெயித்தது நான்தான். மாட்டிக்கொண்டதும் நான்தான்.

உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஏரிப் பக்கம் போனாலும் சென்னைக்காரர்கள் பண்ணை வீடு கட்டுகிறார்கள். அவர்களுக்குப் புல்தரை வேண்டும், அழகுக்கு ஒரு மேடு வேண்டும், தாமரைக் குட்டை வேண்டும். அந்த மண் வேலைக்கு ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டி மண் அள்ளுகிற சின்ன லோடர் வண்டி போதும். அது இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் நாலு டயர். இன்னொன்றில் டயருக்குப் பதில் இரண்டு பக்கமும் டாங்கிக்கு இருக்கிற மாதிரி ரப்பர் செயின்.

"டயர் வண்டின்னா ரோட்டுலயே ஓட்டிக்கினு போய்டலாம். செயினுக்கு எங்க போனாலும் லாரி வோணும்" என்றார் தினகரன்.

"ஏரி ஓரத்து களிமண்ணுல உன் டயரு முங்கிப்பூடும். நம்ம வேல ரோட்டுலயா கீது, சேத்துலயா கீது?" என்றேன்.

செயின் வண்டியே வாங்கினோம். ஓட்டப்போவதும் நான்தானே. எட்டு வருஷம் ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே பசை தடவி, விடியலில் வேன் ஏறி, இருட்டி வேன் இறங்கி, கால் வீங்கிப்போனவள் நான். புது வண்டியின் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையிலும் இரண்டு லீவரைப் பிடித்தபோது, அப்பாடா, இனி அந்த வேன் மூஞ்சியில் முழிக்க வேண்டாம் என்று அழுதேவிட்டேன்.

பெருநகர் பக்கத்துத் தோட்டம் எங்களுக்கு மூன்றாவது வேலை. அதன் முன் கேட் ஒரு தெருவில் இருந்தது. தெருமுனை வளைவில் எங்கள் லாரி திரும்பவில்லை. தோட்டத்துக்குப் பின்னால் அந்த ஊர் எல்லப்பன் மாமாவுடைய கழனி, அதைத் தாண்டினால் மெயின் ரோடு. கழனி காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடுவில் மஞ்சள் அடித்த மனைக்கல் வேறு. பிளாட் போட்டுவிட்டார்கள், இனி இதில் எவன் நாற்று நடப்போகிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மெயின் ரோட்டில் வண்டியை இறக்கி, கழனி மேலேயே ஓட்டி, பின்பக்க வேலியைப் பிரித்து உள்ளே கொண்டுவந்தேன். போகும்போதும் அப்படியே போகலாம் என்று நினைப்பு.

புரட்டாசியில் மழை பிடித்து ஒரு வாரம் வேலை நின்றது. வண்டியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வீட்டில் இருந்தோம். அந்த ஒரு வாரத்தில் ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள். எல்லப்பன் மாமாவுக்கும் பிளாட் புரோக்கருக்கும் தகராறாம். மாமா மனைக்கல்லையெல்லாம் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு, தண்ணீர் கட்டிச் சேறு கலக்கிச் சேடை ஓட்டி, நடவும் முடித்துவிட்டார். நான் திரும்பி வந்து பார்த்தால் பின்னாலும் பக்கத்திலும் தண்ணீரும் பச்சையும்தான்.

"மாமா, ஓரமா ஒரு வழி வுடு மாமா" என்று கெஞ்சினேன்.

"நட்ட பயிர் மேல வண்டி வுடுவியா நீ? தையில அறுப்பு. அப்பால எட்த்துக்கினு போ" என்றார். முகத்தில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மிச்சம் இருந்தது தெரு. லாரி நிற்கிற முனைவரைக்கும் அதில் வண்டியை ஓட்டியாக வேண்டும். முந்நூறு அடி சிமெண்ட் ரோடு, போட்டு மூன்றே மாதம். பழைய ரோட்டை எவனோ ஒருவனுடைய இரும்புச் செயின் வண்டி நொறுக்கிவிட்டுப் போக, ஆறு வருஷம் அந்தப் பள்ளத்தில் குடம் தூக்கி நடந்தவர்கள் அங்கே இருப்பவர்கள். இனி எந்தச் செயின் வண்டியையும் விடுவதில்லை என்று தெருவே கூடிப் பேசி வைத்திருக்கிறது. தெருக்குழாய்க்கு எதிர்வீட்டு அம்முலு அக்கா வைத்ததுதான் அங்கே சட்டம்.

"இது ரப்பர்க்கா, தொட்டுப் பாரு. சாக்கு பரப்பி அது மேல ஓட்டிக்கினு போறேன்" என்றேன்.

"போன வாட்டி வந்தவனும் இப்டித்தான் தேனா பேசினான். செயின் செயின்தான். வோணாம்மா."

அன்று சாயந்திரம் தினகரன் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது.

"பழையசீவரத்துல மண்ணு வேல ஒண்ணு கேட்டு வச்சிக்கீறேன், திங்கக்கெழம வண்டியோட போய் நின்னாத்தான் அது நமக்கு. ஒரு வருஷ வேல. அது போச்சின்னா இந்த வண்டிய வச்சி இன்னா பண்றது? உன் பழைய கம்பெனில திரும்ப ஆள் எட்த்துக்கறாங்களாம். உன் பேரக் குட்த்துட்டேன்."

"என்னக் கேக்காமயா?"

"செயின் வாங்கசொல்லோ நீ என்னக் கேட்டியா?"

வெள்ளிக்கிழமை பஞ்சாட்சரம் அண்ணன் வந்தார். பழையசீவரம் வேலைக்குக் காத்திருக்கிற இன்னொரு ஆள் அவர். டயர் வண்டிக்காரர். தோட்டத்துக்கு வேண்டிய செம்மண்ணைத் தெருமுனையில் கொட்டியிருந்தார்கள். அதை அள்ளிவர என் வண்டி தெருவில் இறங்கக் கூடாதே. அதனால் தோட்டக்காரர் அவரை வரச் சொல்லிவிட்டார். சிமெண்ட் ரோட்டில் சொகுசாக உருண்டு கேட்டுக்குள் வந்தார்.

"இன்னா தங்கச்சி, உள்ள மாட்டிக்கினியாமே?"

"நீ வாண்ணா, நீயும் மாட்டுவ" என்றேன். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறது?

நாலு நடை நன்றாகப் போனது. ஐந்தாவது நடையில், நான் வெட்டியிருந்த தாமரைக் குட்டைப் பக்கம் வந்தார். கழனித் தண்ணீர் கசிந்து அங்கே களி ஊறிப்போயிருந்தது. முன் டயர் இறங்கியது. அவர் முறுக்க முறுக்க, வண்டி வயிறு தரையில் படுத்துவிட்டது. தெருவே மதில் ஓரம் கூடி வேடிக்கை பார்த்தது.

"தங்கச்சி, கொஞ்சம் இழுத்து வுடும்மா" என்றார்.

நான் நகரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கிடக்கட்டும் என்றுதான் இருந்தேன். அவருடைய வண்டியும் திங்கட்கிழமை இங்கேயே கிடந்தால் பழையசீவரத்துக்கு யாருமே போக மாட்டார்கள். வேலை தள்ளிப்போகும். எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அப்போது மதில் பக்கமிருந்து ஒருவன், "பொம்பள ஓட்டற வண்டி, அது எங்க இழுக்கப்போவுது" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அதோடு, என் செயின் என்ன செய்யும் என்று இந்தத் தெரு ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு மாறிவிடாதா என்ற நப்பாசையும் இருந்தது.

இரும்பு ரோப்பைக் கொக்கியில் மாட்டினேன். லீவரைப் பின்னால் இழுத்தேன். செயின் களிமண்ணைக் கவ்விப் பிறாண்டியது, வண்டி உறுமியது, நான் விடவில்லை. மூன்று நிமிஷம். டயர் வண்டி பொத்தென்று மேலே வந்தது. மதில் ஓரம் கைதட்டல், ஒரு விசில் வேறு. பஞ்சாட்சரம் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வியர்வை காய்வதற்குள் அம்முலு அக்காவிடம் ஓடினேன். "பாத்தியாக்கா என் வண்டிய? இப்பவாவது வழி வுடேன்."

அக்கா உள்ளே வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள். என் செயின் பிறாண்டிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம்.

"உன் கைல வித்த கீதும்மா, இல்லன்னு சொல்லல" என்றாள். "பூமியவே இப்டி தோண்டிப்போட்ட வண்டி, எங்க ரோட்ட இன்னா பண்ணும்?"

சுமை இழுத்ததால்தான் தோண்டியது, சும்மா ஓடினால் கீறல்கூட விழாது என்று தொண்டை வறளச் சொன்னேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பஞ்சாட்சரம் அண்ணன் மிச்ச மண்ணையும் அடித்து முடித்தார். சிமெண்ட் ரோட்டில் சேறு படக் கூடாதென்று கேட் பக்கத்திலேயே டயரைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அம்முலு அக்கா சொன்னது என் காதிலும் விழுந்தது.

திங்கட்கிழமை விடியலில் கம்பெனி வேன் ஏறினேன். இறங்கினால் கேட்டில் செக்கிங். செக்யூரிட்டிப் பெண் என் பையைத் துழாவிச் சாவியை வெளியே எடுத்தாள்.

"இன்னா சாவி இது?"

"என் வண்டி சாவி."

"வண்டி வச்சிக்கினு ஏன் வேன்ல வர? வண்டிய எங்க போட்டுட்டு வந்த?"

பின்னால் வரிசை தள்ளியது. நான் சாவியை வாங்கி ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டேன்.

"உள்ள மாட்டிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு, நானும் உள்ளே போனேன்.