மூக்கு நிக்காத பிளேன்

என் பிளேன்ல கோளாறு இருக்குன்னு இவர் சொன்ன அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துல ரசத்துக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன். அதையும் வாயை மூடிக்கிட்டு சாப்பிட்டாரு. சாப்பாட்டுல குறை சொல்ற ஆள் இல்ல. பிளேன்லதான் சொன்னாரு.

இவர்னா என் வீட்டுக்காரர் ரகுநாதன். ஏர்ஃபோர்ஸ்ல ஃபைட்டர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எனக்கு அத்தை பையன், அதனால கல்யாணத்துக்கு முன்னாடியும் மாமா, பின்னாடியும் மாமா. நான் லோகநாயகி. பொறந்தது கரையான்சாவடி, வேலை பாத்தது ஆவடி டேங்க் ஃபேக்டரியில, இன்ஸ்பெக்‌ஷன். இவர் பஞ்சாபு, அஸ்ஸாமுன்னு சுத்திக்கிட்டு இருந்த காலமெல்லாம் நான் குவார்ட்டர்ஸ்ல பொண்ணை வெச்சுக்கிட்டு, டேங்குக்குப் போற சாமானை அளந்து பாத்து, இது போலாம், இது ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்படிப்பட்டவ கட்டின பிளேன்ல கோளாறுன்னா எப்படி இருக்கும்?

பிளேன் எங்க ரெண்டு பேரோடதுதான். ஆவடி பக்கம் சேக்காட்டுல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஷெட் போட்டு நாங்களே கட்டினோம். அமெரிக்காவுல இருந்து பெட்டி பெட்டியா தகடும் குழாயும் வந்துச்சு. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்கார ரெண்டு சீட்டு. எதிர் வீட்டு சரசா தினமும் எட்டிப் பாத்து, "இன்னாக்கா, புருசனும் பொண்டாட்டியுமா உள்ள இன்னா கட்டிக்கினு கீறீங்க, படகா?"ன்னு கேப்பா. செம்பரம்பாக்கம் ஏரி அடுத்த தடவை திறந்தா உனக்கு இடம் தர்றேன்டின்னு சொல்லுவேன்.

தகட்டைச் சேக்கற ரிவிட் ஆணி அடிக்க எப்பவும் ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் இந்தப் பக்கம் துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினை வெச்சு அடிக்கணும். இன்னொருத்தர் தகட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிச்சுக்கணும். முதல்ல அவர் அடிச்சாரு, நான் பிடிச்சேன். போகப் போக அவர் அடிச்சதெல்லாம் ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுது. "தள்ளுங்க மாமா, உங்களுக்குப் பொறுமை பத்தாது"ன்னு மிஷினை நான் பிடுங்கிக்கிட்டேன். பொறுமைதான் பத்தலைன்னு அப்ப நெனச்சேன்.

அனுமதி வாங்க அலைஞ்ச கதையைச் சொன்னா இன்னிக்கு முடியாது. ஒருவழியா எல்லாம் கைக்கு வந்ததும் இறக்கையைக் குட்டியானை வண்டியில ஏத்தி, துணி சுத்தி, திருவள்ளூர் தாண்டி ஒரு விமானப் பயிற்சிக் காலேஜோட ஓடுபாதைக்குக் கொண்டு போனோம். பட்டாபிராம் பக்கத்துல டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி, "இன்னாம்மா இது, கடை போர்டா?"ன்னு கேட்டாரு. இவருக்கு முகம் சுருங்கிடுச்சு. எனக்குச் சிரிப்பு அடங்கல.

முதல் தடவை பறந்துட்டு இறங்கி வந்தப்ப இவர் முகத்தைப் பாக்கணுமே. ரிட்டயர் ஆன நாள்ல இருந்து அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து வகுப்பு எடுக்கவே ஆரம்பிச்சுட்டாரு.

"லோகா, ஃபைட்டரை இறக்கணும்னா முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல தரைக்கு வரணும். இன்ஜினை ஒரு இழை குறைச்சுட்டா கல்லு மாதிரி விழும். இது என்னடான்னா நூறுல மிதந்துக்கிட்டே வருது. இறங்கு, இறங்குன்னு கெஞ்ச வேண்டியிருக்கு. ஃபைட்டரைத் திருப்பினா பூண்டி ஏரியைத் தாண்டி எங்கேயோ போய்தான் திரும்பும். இது ஏரிக்குள்ளயே திரும்பிடுது. வேகத்துலயும் பலத்துலயும் அது எங்கேயோ, இது எங்கேயோ. ஆனா சொன்ன பேச்சு கேக்கறதுல இதுதான் கெட்டிக்காரி. ரெண்டு விரல் போதும்."

"அப்ப நல்லாருக்குன்னு சொல்லுங்க."

"நல்லாதான் இருக்கு. ஆனா மூக்கு நிக்கல."

அங்க பிடிச்சுது சனி. ஃபைட்டர்ல மூக்கை ஒரு இடத்துல வெச்சா ஆணி அடிச்ச மாதிரி அங்கயே நிக்குமாம். இது துடிச்சுக்கிட்டே இருக்காம். மேல கீழ, மேல கீழ, சின்னச் சின்னதா. "வால்ல எங்கேயோ ஆட்டம் இருக்கு, பாரு"ன்னாரு. நல்லா பறந்தா நம்ம பிளேன். மூக்கு ஆடினா என் பிளேன்.

பாத்தேன். வாலைக் கழட்டி ஒவ்வொரு கீலா பாத்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழட்டி முறுக்கினேன். முன்னாடி சுத்தற காத்தாடியோட எடையைச் சரி பாத்தேன். ஒரு மயிரிழை ஆட்டம்கூட இல்ல. வெளிநாட்டுல இதே மாதிரி கட்டினவங்க எழுதினதைத் தேடிப் படிச்சா, சின்ன பிளேன்னா கொஞ்சம் துறுதுறுன்னுதான் இருக்கும், பெரிய பிளேன் ஓட்டிப் பழகினவங்களுக்கு அப்படித்தான் படும்னு போட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் அதை நம்பினோம். ஃபைட்டர் ஓட்டின கை, அதுதான் இப்படித் தெரியுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

இவர் அதோட விடல. "ஃபைட்டர்ல கையில பிடிக்கிற ஸ்டிக்குக்கும் வாலுக்கும் நேர் சம்பந்தமே கிடையாது லோகா. நடுவுல ஹைட்ராலிக் இருக்கு. கைக்கு ஒரு கனம் தெரியணுமேன்னு ஸ்பிரிங் வெச்சிருக்கான். சின்ன அசைவையெல்லாம் அந்த ஸ்பிரிங்கே முழுங்கிடும். நம்மளுதுல கையில இருந்து வால் வரைக்கும் ஒரே தண்டு. நாமளும் ஸ்டிக்குக்கு ரெண்டு பக்கமும் முரட்டு ஸ்பிரிங்கா போட்டுட்டா இது ஃபைட்டர் மாதிரி ஆயிடும்." அம்பத்தூர் எஸ்டேட்ல போய் ஸ்பிரிங்கும் வாங்கிட்டு வந்து ஷெட்டு மேசையில வெச்சுட்டாரு.

அதை மாட்டறதுக்கு முன்னாடி இன்னொரு ஆள் ஓட்டிப் பாக்கட்டும்னு எனக்குத் தோணுச்சு. என் வேலை மேல எனக்கு இருந்த ரோஷம்தான், வேற ஒண்ணும் இல்ல. இவர் திருவேற்காட்டுல எங்க பொண்ணு அகல்யா ஃபிளாட்டுக்குப் போயிருந்த நாள் பாத்து ஓடுபாதைக்குப் போனேன். அங்க பசங்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற ஸ்ரீநாத்தைப் பிடிச்சு, ஒரு சுத்து சுத்திட்டு வாப்பான்னேன். பறந்துட்டு வந்து கண்ணாடியைக் கழட்டினான்.

"வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது ஆன்ட்டி. சூப்பரா கட்டியிருக்கீங்க."

"மூக்கு நிக்குதா?"

"மூக்கா? வெச்ச இடத்துல நிக்குது. ஏன், சார் ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் இல்லப்பா."

நான் அங்கயே குதிச்சிருக்கணும். பாத்தியா, என் பிளேன்ல ஒண்ணும் இல்லன்னு ஊரைக் கூட்டியிருக்கணும். ஆனா போய் அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துட்டேன். கொஞ்ச நாளா இவர் டம்ளரைத் தூக்கினா காபி தளும்பும். "இன்னா மாமா, உங்க சட்டையும் காபி குடிக்குதா?"ன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். சாவியைப் பூட்டுல நுழைக்க நேரமாகும், கண்ணு தெரியலைன்னு சொல்லுவாரு. இதையெல்லாம் தனித்தனியா பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். மேல மூக்கு துடிச்சது பிளேனால இல்ல. என் மாமாவோட கையால.

எப்படிச் சொல்றது? ஒரு நாள் மெதுவா ஆரம்பிச்சேன். "ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா மாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். வயசாகுதில்ல."

"எனக்கு என்ன? உன் பிளேனைக் கூட்டிட்டுப் போ டாக்டர்கிட்ட"ன்னு சிரிச்சாரு.

ஃபேக்டரியில எத்தனை பேர் முகத்துக்கு நேரா "இது ஆகாது, எடுத்துட்டுப் போ"ன்னு சொன்னவ நான். இவர்கிட்ட வரல. பறக்கறதை எடுத்துட்டா இவருக்கு மிச்சம் இருக்கறது நான்தான். நான் பத்தமாட்டேன்னு எனக்குத் தெரியும்.

ஸ்பிரிங்கை மாட்டிட்டா மூக்கு நின்னுடும். பிளேன் சரியாயிடுச்சுன்னு நெனச்சு இவர் பாட்டுக்குத் தனியா கிளம்பிடுவாரு. கை உள்ளுக்குள்ள ஆடிக்கிட்டேதான் இருக்கும். தரைக்குப் பக்கத்துல வரும்போது அது பெருசா ஒரு உதறு உதறினா என்ன ஆகும்? மாட்டலைன்னாலும் பறக்கத்தான் போறாரு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சேன். ஸ்பிரிங் அளவு சரியில்ல, வேற வாங்கணும், துளை போட பிட்டு இல்லன்னு நாளைக் கடத்தினேன். கடத்திக் கடத்தி அவருக்கு எரிச்சல் வந்துடுச்சு.

"நான் சொல்றதை நீ நம்பல, அதானே? ஞாயித்துக்கிழமை பின் சீட்டுல ஏறு. நீயே பாத்துட்டுச் சொல்லு."

ஏறினேன். வேற என்ன பண்றது?

காலை வெயில்ல பூண்டி ஏரி இடது பக்கம் கிடந்துச்சு. மேல போய் நேராக்கினாரு. பின் சீட்டுலயும் ஒரு ஸ்டிக் உண்டு. முன்னாடி இருக்கறதும் இதுவும் ஒரே தண்டுல சேந்தது. அவர் அசைச்சா என் முழங்காலுக்கு நடுவுல அதுவும் அசையும். அது நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. தொடவே வேணாம், கண்ணாலயே தெரிஞ்சுது.

"பாத்தியா?" ஹெட்ஃபோன்ல அவர் குரல். ஜெயிச்சுட்ட குரல். "இப்பவாவது ஒத்துக்கறியா? கோளாறு இருக்கா இல்லையா?"

ஒத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்குப் பொழுது போயிருக்கும். ஆனா இந்தப் பாழாப்போன ரோஷம் இருக்கே. நான் அடிச்ச ரிவிட்டு, நான் முறுக்கின போல்ட்டு.

"கொஞ்சம் கையை எடுங்க மாமா."

சொன்ன அடுத்த நொடியே அதை முழுங்கிட முடியாதான்னு இருந்துச்சு.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல, விடுங்க."

"இல்ல, நீ சொல்றது சரி. அதுவா எப்படிப் போகுதுன்னு பாத்துடுவோம்"னு கையை எடுத்துட்டாரு.

ஸ்டிக் நின்னுடுச்சு. தூரத்து மலை விளிம்புல மூக்கு நின்னுது, அசையவே இல்ல.

திரும்பப் பிடிச்சாரு. நடுங்குச்சு. விட்டாரு. நின்னுச்சு. மறுபடி பிடிச்சாரு, மறுபடி விட்டாரு. பின்னாடி இருந்து எனக்குத் தெரிஞ்சது அவர் பின் மண்டையும் காதும்தான். அப்புறம் வலது கையை முன்னாடி கண்ணாடிக்கு நேரா தூக்கி, விரலை விரிச்சு, அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவர் தோளுக்கு மேல நானும் பாத்தேன்.

"லோகா."

"ம்."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் மாமா."

"அதான் ஸ்பிரிங் அளவு சரியில்லைன்னு சொன்னியா?"

"ஆமா."

திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். ஓடுபாதைப் பக்கம் திருப்பினாரு. எனக்கு இறக்கத் தெரியாது. நேரா பிடிச்சுக்கச் சொன்னா பிடிச்சுக்குவேன், அவ்வளவுதான். அந்தக் கையை விட்டா எங்க ரெண்டு பேரையும் தரைக்குக் கொண்டு போக வேற கை இல்ல. பக்கவாட்டுல காத்து வேற அடிச்சுது. கீழ வர வர என் முன்னாடி இருந்த ஸ்டிக் அதிகமா உதற ஆரம்பிச்சுது.

"நானும் கூடப் பிடிச்சுக்கட்டுமா மாமா?"

"வேணாம். ரெண்டு பேர் பிடிச்சா எது யாரோட கைன்னு எனக்குத் தெரியாது. கையை வெக்காத."

ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அழுத்திக்கிட்டேன். எங்க ஊர் சாமி வேம்புலியம்மாளைக் கூப்பிட்டேன், ஸ்டிக்கையே பாத்துக்கிட்டு. ஒரு பக்கம் சாஞ்சு, நிமிந்து, தொம்முன்னு தரையைத் தொட்டு எகிறி, மறுபடி தொட்டு ஓடுச்சு பிளேன். நின்னதும் இன்ஜினை அணைச்சாரு. பெல்ட்டைக் கழட்ட அவருக்கு நேரமாச்சு. நான் உதவப் போகல, பிடிக்காது.

ஸ்ரீநாத் சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தான். "என்ன சார், பிளேன்ல ஏதோ பிரச்சனைன்னு ஆன்ட்டி அன்னிக்குக் கேட்டாங்க. கண்டுபிடிச்சாச்சா?"

இவர் வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டாரு.

"பிளேன்ல ஒரு கோளாறும் இல்லப்பா. நான் ஓட்டினதுலயே இதுதான் சுத்தம். ஃபைட்டரெல்லாம் இது பக்கத்துல வர முடியாது. இவ கட்டினது"ன்னாரு. பிளேன் சாவியை அவன்கிட்ட நீட்டினாரு. "இனி நீ அப்பப்ப ஓட்டு. சும்மா நின்னா கெட்டுடும்."

இந்த வார்த்தையை இவர் வாயால கேக்கணும்னுதான் இத்தனை நாளா மல்லுக்கு நின்னேன். கேட்டுட்டேன். இவர் திரும்பிப் பாக்காம காரைப் பாத்து நடந்து போயிட்டாரு. நான் வாலுக்கு அடியில மண்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு போல்ட்டா பிடிச்சு ஆட்டிப் பாத்தேன், ஏதாவது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு லூசா இருக்கக் கூடாதான்னு. எல்லாம் இறுக்கமா இருந்துச்சு.