நெபுலாவுக்கும் தாலிக்கும் நடுவே ஒரு வெட்டு

1

காசிம் நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. அவனுக்கு வைத்ததையும் நான்தான் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டுக்கு நான் செய்யும் கைம்மாறு இந்தக் கதை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

உத்திரமேரூர் கடைத்தெருவில் அத்தாவுல்லா பாயின் போட்டோ ஸ்டூடியோ. ஊட்டி ஏரி வரைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். காசிம் அவருடைய மகன். காஞ்சிபுரத்தில் என்னோடு இயற்பியல் படிக்கிறவன். அங்கிருக்கும் ஃபிலிம் கழுவும் லேபிலிருந்து ஒரு கவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் எழுதி முடித்தால் முடிவு என் கையில். பஸ் முந்திக்கொண்டால் கவரின் கையில்.

2

முதல் தொடக்கம்: "அகண்ட பிரபஞ்சத்தின் மௌனத்தில் ஓர் இளைஞன்

(அடித்துவிட்டேன். பிரபஞ்சத்தில் மௌனம் இருக்கலாம். எங்கள் மொட்டைமாடியில் கொசு இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "கீல் போட்டு இணைத்த இரண்டு பலகைகள், நடுவில் ஒரு நீள போல்ட்."

இது உண்மை என்பதால் இருக்கட்டும். மேல்பலகையில் கேமரா. பூமி சுற்றுவதற்கு ஈடாக போல்டை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். தை மாதம், சாயங்காலம் கரண்ட் போய் ஊரே திட்டிக்கொண்டிருக்கும்போது, நன்றி சொல்லிக்கொண்டே மாடி ஏறியவன் காசிம் ஒருவன்தான்.

திருவாதிரைக்குக் கீழே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அதற்கும் கீழே, கண்ணுக்கு வெறும் மங்கல். ஃபிலிமுக்கு அது ரோஸ் நிற மேகம்: ஓரியன் நெபுலா. ரோலின் முன்பாதி முழுக்க அதைத்தான் எடுத்தான்.

பின்பாதியில், மறுநாள் காலை நடந்த மானாம்பதி கன்னியப்பன் மகள் இளவரசியின் கல்யாணம் இருக்கிறது.

3

(இங்கே வாசகர் "ஏன்டா?" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.)

அத்தாவுல்லா பாய் சொந்தக்காரர் நிக்காஹ்வுக்கு வாணியம்பாடி போயிருந்தார். காசிம் தனியாக எடுத்த முதல் கல்யாணம் இது. ஒரு கேமராவில் புது ரோல். இன்னொன்றில் வானம் எடுத்து மிஞ்சிய ரோல், அவசரத்துக்கு. அவசரம் வந்தது. ஐயர் முகூர்த்தத்தை முன்னால் இழுத்துவிட்டார். கெட்டிமேளம் கொட்டும்போது புது ரோல் தீர்ந்துபோனது. காசிம் இரண்டாவது கேமராவைத் தூக்கி அமுக்கினான். பிளாஷ் மறுபடி சார்ஜ் ஆவதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

இன்னொரு தடவை கட்டுங்கள் என்று கேட்க முடியாத ஒரே போஸ் அது. ஆக, தாலி கட்டும் படம் ஒன்றே ஒன்று. கடைசி நெபுலாவுக்கு அடுத்தது.

4

லேபில் ஃபிலிமைக் கழுவி, துண்டு துண்டாக வெட்டிக் கவரில் போடுவார்கள். எங்கே வெட்டுவது என்பது படத்தின் ஓரத்தைப் பார்த்தால் தெரியும். வானத்துக்கு ஓரம் கிடையாது; இருட்டில் படமும் இடைவெளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் வெட்டு பாதிப் படம் தள்ளி விழுந்தால், அதே அளவில் மற்றவையும் தள்ளித்தான் விழும். வெட்டு வர வேண்டிய இடங்களில் ஒன்று சரியாகத் தாலிப் படத்துக்கு முன்னால் இருக்கிறது. தள்ளி விழுந்தால் மாப்பிள்ளையின் கை ஒரு துண்டில், இளவரசியின் கழுத்து இன்னொரு துண்டில்.

வானம் எடுப்பவர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் படமாக எதையாவது பளிச்சென்று எடுத்துவிடுவார்கள். அதன் ஓரத்திலிருந்து லேப்காரர் அளந்துகொள்வார். காசிம் எப்போதும் தங்கை ஆஷிகாவை பிளாஷ் போட்டு எடுப்பான். அவன் எடுத்த அத்தனை பிரபஞ்சமும் ஆஷிகா நீட்டிய நாக்கில்தான் தொடங்கும். அன்றைக்கு மட்டும் எடுக்கவில்லை. பிளாஷ் பேட்டரியைக் கல்யாணத்துக்கு மிச்சம் பிடித்தான்.

"என் மூஞ்சிய எட்த்திருந்தா ஒரு கல்யாணம் பொயச்சிருக்கும்," என்றாள் ஆஷிகா. "பேட்டரி மிச்சம் புட்ச்சாராம், தொர."

"நீ உள்ள போடி."

"போறேன். அத்தா வந்தா இன்னா சொல்லுவே? தாலி வானத்துக்குப் பூட்ச்சின்னா?"

5

காலையில் எஸ்டிடி பூத்திலிருந்து லேபுக்குப் போன் போட்டோம். ரிசீவரில் ஆளுக்குப் பாதிக் காது.

"அண்ணே, உத்திரமேரூர் ரோலு. கட் பண்ணிடாதீங்கண்ணே."

"இன்னா ரோலுபா அது? பாதி வரிக்கும் ஒண்ணுமே வுழல. லென்சு மூடிய கயட்டாமயே எட்த்துக்கினு இருந்தியா?"

"இல்லண்ணே, அது நட்சத்திரம்."

"கறுப்பு கறுப்பா புள்ளி கீது. தூசின்னு நென்ச்சேன்."

"கட் பண்ட்டீங்களாண்ணே?"

"கவரு கண்டக்டர் கைல குட்த்தாச்சுபா. வந்தா பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

(இதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா? நாங்கள் மறுபடி போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.)

6

எனக்குக் காசிம் என்ற பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவன் பயப்படுவது எதற்கு? எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? கேட்டேன்.

"கெட்டிமேளத்துல அந்தக் கேமராவத் தூக்கனப்போ, ஐயோ நெபுலாவுக்கு இன்னா ஆவுமோன்னுதான் மொதல்ல நென்ச்சேன்டா. பொண்ணு அப்பால தான் ஞாபகம் வந்துச்சு," என்றான். "அதான் பயமா கீது."

இதற்குமேல் அவனைச் சந்தேகப்பட முடியவில்லை. முடிவுகளுக்குப் போகிறேன்.

முடிவு அ: வெட்டு சரியாக விழுந்திருக்கிறது. எல்லோரும் சாப்பிடுகிறோம். (என் பங்கு குறையும்.)

முடிவு ஆ: தாலி இரண்டு துண்டு. அத்தாவுல்லா பாய் கேமராவை பீரோவில் பூட்டி, மகனை மாமாவின் நெல் மண்டிக்கு அனுப்புகிறார். காசிம் மூட்டைகளுக்கு நடுவே

(வேண்டாம். அவன் என் தோளுக்குமேல் எட்டிப் படிக்கிறான்.)

முடிவு இ: லேபில் பாதிப் படம் தள்ளியே பிரிண்டும் போட்டுவிட்டார்கள். இடப்பக்கம் நெபுலா, வலப்பக்கம் இளவரசி. கன்னியப்பன் கண்கலங்கி, "எம் பொண்ணு வானத்துல நிக்கிறா பாய்" என்கிறார். இது மிக அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. மேலும் இதில் மாப்பிள்ளையைக் காணோம்.

முடிவு ஈ:

7

பஸ் வந்துவிட்டது.

கவரோடு வந்திருப்பவர் கன்னியப்பன். காஞ்சிபுரத்துக்குப் போய்த் திரும்பியவரிடம், ஸ்டூடியோவுக்குத்தானே போகிறீர்கள் என்று கண்டக்டர் கொடுத்துவிட்டாராம். ஒரு கையில் கவர், பிரிக்காமல். இன்னொரு கையில் கண்ணாடி போட்ட காலி ஃபிரேம்.

"இன்னா தம்பி, மூஞ்சி பேஜாரா கீது? சாப்டலியா?"

"சாப்டேன் நைனா," என்றான் காசிம். (பொய். சாட்சி நான்.)

"ஃபிரேமு வாங்கியாந்துட்டேன் பாரு. தேக்கு. அந்தத் தாலி கட்ற போட்டோவத்தான் பெருசா போட்டுக் கூடத்துல மாட்டணும்னு எம் பொண்ணு சொல்லிகீது. வூட்டுக்கு வர்றவன் கண்ணு மொதல்ல அங்கதான் போவணும். இப்டி."

எப்படி என்று காட்ட, ஃபிரேமைத் தன் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

காசிம் கவரை வாங்கி என் நோட்டின்மேல் வைத்தான். அவன் விரல் பட்ட இடம் ஈரம்.

"நீதான எய்தறே. நீயே பிரி."

நான் பிரித்திருப்பேன். ஆனால் எனக்கு

உங்களிடமே தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்ட் வேண்டாம், முதலில் நெகட்டிவ். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்குங்கள். நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக வரும். தூசி என்று துடைத்துவிடாதீர்கள். புள்ளிகள் ஓர் இடத்தில் முடியும். ஃபிலிமும் அங்கேயே முடிந்து, தாலி அடுத்த துண்டில் முழுசாக இருக்கிறதா, இல்லை அங்கே ஒரு கழுத்து மட்டும் கை இல்லாமல் நிற்கிறதா, அதை மட்டும் பாருங்கள்.

பார்த்ததும் முகத்தை மாற்றிவிடாதீர்கள். கன்னியப்பன் ஃபிரேமை இன்னும் இறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உங்களைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்.