இரண்டு காதிலும் அக்கா

எங்கள் கம்பெனியில் பாஸ்வேர்டு மாற்றித் தருவது என் வேலை. யார் எந்த வழியில் கேட்டாலும் சரி, பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் அவர்களுடைய மேசைத் தொலைபேசி எண்ணுக்கு நானே கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் கை வைப்பேன். விதியைப் போட்டதே நான்தான். முதலாளியையே காத்திருக்க வைத்திருக்கிறேன். திமிர் பிடித்தவள் என்று பேர். இருக்கட்டுமே!

அன்று மதியம் ஏதோ புது எண்ணிலிருந்து என் செல்போனுக்கு அழைப்பு. எடுத்தால், அக்கா.

அக்கா இதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில், பணியாளர் பிரிவுக்குத் தலைவி. நானூறு பேரின் வீட்டு முகவரி முதல் மருத்துவச் சான்று வரை அவள் பாஸ்வேர்டுக்குள் அடக்கம். அம்மாவின் தையல் மிஷினை என்னைக் கேட்காமல் விற்றாள். அதிலிருந்து மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

"போனைத் தொலைச்சிட்டேன்டி. வெளியில மாட்டிக்கிட்டேன். என் செல்லமில்ல, புது பாஸ்வேர்டு குடு" என்று அழுதாள்.

செல்லம்! அவளாகவே இறங்கி வந்துவிட்டாள் என்று மனசு குதித்தது. விதியாவது மண்ணாவது என்று விரல் கீபோர்டுக்குப் போயேவிட்டது. பிடித்து இழுத்தேன்.

"ஒரு நிமிஷம்க்கா, உன் சீட்டுக்கு அடிச்சுக் கேட்டுடறேன்."

"நான்தான் வெளியில இருக்கேங்கறேனே! அக்காவையே நம்ப மாட்டியா?"

வெளியில் இருப்பவளை அவள் மேசையில் தேடுவது கேலிக்கூத்துதான். ஆனாலும் விதி விதிதான். இடது காதில் அவள் விசும்ப, அக்காவின் மேசைக்கு அடித்து வலது காதில் ரிசீவரை வைத்தேன்.

"சொல்லு. என்ன வேணும்?"

கடுகடுவென்று வந்த இந்தக் குரலும் அக்காதான். செல்போனைத் துண்டித்தேன், அவள் கணக்கைப் பூட்டினேன், நடந்ததை ரிசீவரில் அக்காவிடம் சொன்னேன். ஆண்டு விழா வீடியோவிலிருந்து அவள் குரலை எடுத்துக் கம்ப்யூட்டரில் போலிக் குரல் செய்திருந்தார்களாம், பிறகு தெரிந்தது. நானூறு பேரும் தப்பித்தார்கள். எனக்கோ அழுகை வந்தது. என்னைச் செல்லம் என்றது யாரோ ஒரு திருட்டுப் பயல்.

ஐந்தே நிமிடத்தில் அக்கா மூச்சு வாங்க என் மேசை முன்னால் நின்றாள்.

"நான் அழுவேன்னு நம்பலையா? அதான் கூப்பிட்டியா?"

"நம்பிட்டேன்க்கா. நம்பிட்டதாலதான் கூப்பிட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, நேர்லயே வந்துட்டேன். மிஷினை வித்ததுக்கு என்ன திட்டணுமோ திட்டு."